வெட்டி எறிந்த இருபத்திரண்டு செகண்ட்

ஜூலை 28, திங்கள்

டீசர் வந்துவிட்டது வந்துவிட்டது வந்துவிட்டது, செவ்வேள் அண்ணன் கொல்லன் பட்டறையில் பழுத்த இரும்பை இடுக்கியால் எடுத்து அதில் சிகரெட் பற்ற வைக்கிறார், ஆகஸ்ட் பதினான்கு ரிலீஸ், நம்ம ஆவரங்குளம் ராஜலட்சுமி தியேட்டரிலேயே!!!

இதுவரை நாற்பத்தேழு தடவை பார்த்தாயிற்று. அந்த ஷாட்டை மட்டும் வெட்டி, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, 'ஒற்றைக் கங்கு' என்று படத்தின் பெயரை நெருப்பு எழுத்தில் எழுதி நம் ரசிகர் பக்கத்தில் போட்டேன். எடிட்டிங் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வீடியோ பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டது. 'செவ்வேள் சேனை'யில் இப்போது நாற்பத்தோராயிரம் பேர். அட்மின் ஒரு பெண் என்று அதில் ஒருத்தருக்கும் தெரியாது. தூத்துக்குடி ஜெபஸ்டின்தான் இன்னொரு அட்மின். அவனே என்னை 'செண்பகராஜ் ப்ரோ' என்றுதான் கூப்பிடுகிறான். செண்பகவல்லி என்று சொன்னால் என்ன ஆகும்? 'தங்கச்சி, நீ ஓரமா இரு' என்பார்கள்.

அம்மா கத்துகிறாள். ஹூக் தைக்க வேண்டுமாம்.

ஜூலை 30, புதன்

அம்மா தைக்கிற பிளவுஸ்களுக்கெல்லாம் ஹூக் வைப்பது என் வேலை. இன்று மாடத்தியக்கா அளவு பிளவுஸ் கொண்டுவந்தாள். ராஜலட்சுமி தியேட்டரைக் கூட்டிப் பெருக்குகிறவள். அம்மாவுக்கும் அக்கா, எனக்கும் அக்கா, தியேட்டர் மேனேஜருக்கும் அக்கா. இரண்டு படி ஏறினால் நின்று மூச்சு வாங்கும். இடுப்பில் சுருக்குப் பையோடு மூச்சுக்கு அடிக்கிற பம்பும் இருக்கும்.

அம்மா உள்ளே போனதும் மெதுவாகக் கேட்டாள்: "என்னட்டி, ஒன் ஆளு படம் வருதாம்லா?"

"வருதுக்கா. முதல் ஷோ காலைல ஒம்போது மணிக்கு. ஆனா பயலுவ கூட்டம். வீட்டுல விடவே மாட்டாங்க."

"அம்புட்டு ஆசையா?"

நான் தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது. சும்மா சொல்லவில்லை, நிஜமாக வந்தது.

"சீ, இதுக்குப் போயி அழுவாளா! பக்கவாட்டுக் கதவு சாவி ஏங்கிட்டதான் இருக்கு. அந்தக் கதவுத் திரைச்சீலைக்குப் பின்னாடி ஸ்டூலு போட்டுத் தாரேன். பேசாம உக்காந்து பாத்துட்டுப் போ. நாலு பயலுவளுக்கு ஒரு நாயம், ஒனக்கு ஒரு நாயமா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக முதல் நாள் முதல் காட்சி. நான்!

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஊரெல்லாம் போர்டு. பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட், டீக்கடை வாசல், தியேட்டர் வராந்தா, எங்கேயும் இனி புகை பிடிக்கக் கூடாது. மீறினால் அபராதம். சட்டம் ரொம்ப நாளாக இருக்கிறதாம். இப்போதுதான் கண்டிப்பு வந்திருக்கிறது.

லாரியிலிருந்து இறங்கி வந்த அப்பா பஸ் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ரெண்டு நாளு வண்டி ஓட்டிட்டு வந்து ஒரு பீடியப் பத்த வச்சேன். ஃபைன் போட்டுட்டான். நாலு ஆலைக்காரன் ராவும் பகலும் பொகை விடுதான், அவனைக் கேக்க நாதியில்ல. ஏம் பீடிதான் இவனுவளுக்குக் கண்ணக் குத்துதாக்கும்!"

"வீட்டுக்கு வந்து குடிச்சாதான் என்ன?" இது அம்மா.

"வீட்டுல நீ விடுதியா?"

எனக்குச் சிரிப்பு வந்தாலும், அப்பா சொன்னது நியாயமாகப் பட்டது. அதைத் தொடாதே, இதைச் செய்யாதே, அங்கே போகாதே. இருபது வருஷமாக எனக்கு வீட்டில் சொல்வதை இப்போது ஊருக்கே சொல்கிறார்கள். உட்கார்ந்து யோசித்து ஒரு வரி எழுதினேன்:

என் மூச்சு! என் இஷ்டம்!

போட்ட ஒரு மணி நேரத்தில் மூவாயிரம் லைக்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்னொரு யோசனை வந்தது. கொல்லன் பட்டறை ஷாட் வரும்போது எல்லாரும் கற்பூரம் காட்டுவார்கள். அது பழசு. அதற்குப் பதிலாக அந்த நொடியில் தியேட்டரில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் சிகரெட் பற்ற வைத்தால்? இருட்டுக்குள் ஐந்நூறு கங்கு! 'என் மூச்சு! என் இஷ்டம்!' என்ற வரியோடு போஸ்டர் அடித்துப் பக்கத்தில் போட்டேன்.

ஜெபஸ்டின் வாய்ஸ் மெசேஜ்: "செண்பகராஜ் ப்ரோ, நீ மனுசனே இல்ல ப்ரோ, தெய்வம்! ஊருக்கு ஊர் பண்ணுதோம்!"

ஒருத்தர் மட்டும் கமென்டில், "சின்னப் பிள்ளைங்களும் வருவாங்க ப்ரோ, மூடுன ஹால் வேற, யோசிங்க" என்று எழுதினார். எதிரி ரசிகன் என்று பிளாக் செய்துவிட்டேன். பிறகு அவர் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். முகப்புப் படத்தில் செவ்வேள் அண்ணன்தான் இருந்தார்.

நான் சிகரெட்டைக் கையால் தொட்டதுகூட இல்லை. அது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 13, புதன்

மாடத்தியக்கா பிளவுஸுக்கு ஹூக் வைத்தாயிற்று. நாளை லைப்ரரிக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பார்த்துவிட்டேன். முதல் காட்சியில், உள்ளே, நான்.

எட்டே முக்காலுக்கு மாடத்தியக்கா பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். திரைச்சீலைக்குப் பின்னால் ஸ்டூல். அதன்மேல் தன் பழைய சேலையை மடித்துப் போட்டிருந்தாள். கையில் கடலை மிட்டாய் ஒன்றைத் திணித்துவிட்டு, "சத்தம் கித்தம் போட்ராத" என்றாள். அண்ணன் பெயர் திரையில் வந்ததும் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு கத்தினேன்.

பட்டறை ஷாட் வந்தது. இருட்டுக்குள் கங்கு, கங்கு, கங்கு! நான் எழுதிய ஒரு வரி அத்தனை கையிலும் எரிவதைப் பார்க்க எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. புகை மேகம் மாதிரி இறங்கியது. கண் எரிந்தது. பக்கத்தில் மாடத்தியக்கா இருமிக்கொண்டே இருந்தாள். பம்பை இரண்டு தடவை அடித்தாள். பிறகு எழுந்து முன்வரிசைப் பக்கம் போனாள். விசில் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தரை துடைக்கிற பக்கெட்டைத் தூக்கி முன்னால் இருந்த நான்கு பையன்கள் மேல் ஊற்றிவிட்டாள். ரகளை. படத்தை நிறுத்தினார்கள். நான் கதவு வழியாக ஓடி வந்துவிட்டேன்.

மத்தியானம் குரூப்பில் ஒருவன் வீடியோ அனுப்பினான். ஐம்பத்தோரு செகண்ட். எதிரிப் பக்கம் அதற்குள் 'செவ்வேள் ரசிகர்களுக்குத் தண்ணி காட்டிய அக்கா' என்று சிரிக்க ஆரம்பித்திருந்தது. நாம் சும்மா இருந்தால் மானம் போய்விடும். ஜெபஸ்டின் நிமிஷத்துக்கு ஒரு மெசேஜ். "ஏதாவது பண்ணு ப்ரோ!"

பண்ணினேன். முப்பது செகண்டுக்குள் இருந்தால்தான் ரீல் ஓடும். அதனால் முன்னாலிருந்து கொஞ்சம் வெட்டினேன். பக்கெட் எழும்புகிற இடத்தில் மெதுவாக்கி, அண்ணனின் சண்டை மியூசிக்கைச் சேர்த்து, தலைப்பு போட்டேன்: 'சுதந்திரத்தின்மேல் தண்ணீர் ஊற்றிய பக்கெட் ராணி'.

மாடத்தியக்கா முகம் அதில் பாதிதான் தெரிகிறது. சும்மா தமாஷுக்குத்தானே.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆறு லட்சம் பேர்!!

ஆகஸ்ட் 16, சனி

பதினான்கு லட்சம். யாரோ அக்காவுக்கு யானைத் தலை ஒட்டியிருக்கிறார்கள். யாரோ அவள் இருமுவதைப் பாட்டாக்கியிருக்கிறார்கள். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஜெபஸ்டின் என்னைக் கேட்காமலே பக்கத்தில் எழுதிவிட்டான். 'ரசிகனை அவமானப்படுத்திய அந்தப் பெண்ணை நீக்காவிட்டால் ராஜலட்சுமியில் இனி நம் ஆட்கள் யாரும் படம் பார்க்க மாட்டோம்.' அதற்குக் கீழே நம் போஸ்டர். நான் எழுதிய அதே வரி.

"ரொம்பப் போற மாதிரி இருக்கே ஜெபஸ்டின்" என்று அனுப்பினேன்.

"வீடியோ போட்டது நீதானே ப்ரோ?" என்று பதில் வந்தது. கூடவே ஒரு சிரிப்பு பொம்மை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மாடத்தியக்காவை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். ஜெபஸ்டின் 'வெற்றி!' என்று போட்டிருக்கிறான். நான் அதற்கு லைக் போட்டேன். அட்மின் லைக் போடாமல் இருந்தால் கேள்வி வரும்.

ஆகஸ்ட் 20, புதன்

ஹூக் தைக்கும்போது ஊசி விரலில் ஏறிவிட்டது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மாடத்தியக்கா பிளவுஸ் வாங்க வந்தாள். நான் கட்டிலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அம்மா கூப்பிட்டுவிட்டாள்.

"செம்பகம், அக்காவுக்கு மோர் கொண்டா!"

கொடுத்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்கா சாத்தூர் ரோட்டில் இருக்கிற தீப்பெட்டி ஆபீஸில் சேர்ந்துவிட்டாளாம். பெட்டிகளை டஜன் டஜனாகக் கட்டிப் பண்டல் போடும் வேலை.

"அந்த மருந்து நெடியில ஒனக்கு மூச்சு ஒத்துக்கிடுமாக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"ஒத்துக்கிடாதுதான். மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். அம்பத்திரெண்டு வயசுல வேற எவன் வேலை தருவான்? போன மாசம் ஆஸ்பத்திரியில டாக்டர் கேக்காரு, 'ஏம்மா, நீ பீடி குடிப்பியா'ன்னு. நான் எங்க குடிச்சேன்? இருபது வருசமா தியேட்டர்ல அவனுவ குடிச்சான், நான் கூட்டுனேன். அம்புட்டுதான்."

அம்மா உள்ளே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஒனக்கு போனுல எல்லாம் தெரியும்லா. அந்த வீடியோவப் போட்ட பய யாருன்னு பாத்துச் சொல்லுவியா?"

நான் காலி மோர்த் தம்ளரை எடுக்கக் குனிந்தேன்.

"ஏச மாட்டேன்டி. தண்ணி ஊத்துனது தப்புதான், ஒத்துக்கிடுதேன். ஆனா அதுக்கு முன்னாடி மூணு தடவ கெஞ்சுனேம்லா, அதையும் சேத்துப் போடச் சொல்லணும். வாயத் தொறந்து கேக்காம ஊத்துன மாதிரில்லா எல்லாரும் பேசுதாவ. தெருவுல பிள்ளைய பாட்டுப் பாடுதுவ."

"பாக்கேன்க்கா" என்றேன்.

"நீ பயப்படாத. மேனேசர் கேட்டாரு, 'கதவத் தொறந்து யாரையோ உள்ள விட்டியாமே, யாருன்னு சொல்லு, பெறகு பாப்போம்'னு. ஒம்பேரச் சொல்லல. ஒங்கப்பன் காதுக்குப் போனா ஒன்னை உரிச்சிருவாம்லா?"

பிளவுஸைப் பிரித்து ஹூக்கைத் தடவிப் பார்த்தாள். "நல்லா நெருக்கமா வச்சிருக்க" என்றாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அப்பா சாப்பிட்டுக்கொண்டே போனில் அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தார். பக்கெட் எழும்பியதும் தொடையில் தட்டிச் சிரித்தவர், சட்டென்று நிறுத்தினார்.

"ஏய், இது நம்ம மாடத்தில்லா?"

"இப்பத்தான் தெரியுதாக்கும்" என்றாள் அம்மா. "ஊரே சிரிச்சு முடிச்சாச்சு. வேலையும் போச்சு."

அப்பா இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "அவங்க செஞ்சது சரியாப்பா?"

"குடிக்கது அவன் இஷ்டம். நானும் குடிக்கேன். அதை நிறுத்த எவனுக்கும் உரிமையில்ல." தட்டில் விரலால் கோடு போட்டார். "ஆனா 'மூச்சு முட்டுதுய்யா'ன்னு ஒரு பொம்பள வந்து கேட்டுட்டா, அணைக்காம இருக்க முடியுமா? நானா இருந்தா அடுத்த நிமிசம் அணைச்சிருப்பேன். இவதான் ஒரு வார்த்தை கேக்கலையே. எடுத்த எடுப்புலயே ஊத்திப்புட்டா. அதான் தப்பு."

கேட்டாள் அப்பா. மூணு தடவை கேட்டாள்.

மனசுக்குள் சொல்லிக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். கழுவிய தட்டையே திரும்பவும் கழுவினேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

முழு வீடியோ என் போனில் இன்னும் இருக்கிறது. இன்று காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, வெட்டிய இருபத்திரண்டு செகண்டை மட்டும் பார்த்தேன். இருப்பதை இருந்தபடி எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் அக்கா வந்து, "தம்பி, அணைச்சுருங்கய்யா, போர்டு போட்டிருக்குல்லா" என்கிறாள். சிரிக்கிறார்கள்.

அடுத்து, "குடிக்க வேண்டாங்கல ராசா. வராந்தாவுல போயிக் குடிங்க, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு மூச்சு முட்டுது" என்கிறாள். வராந்தாவிலும் கூடாது என்று போர்டு இருக்கிறது. அதைக்கூட விட்டுக்கொடுக்கிறாள். ஒருவன் அவள் முகத்துக்கு நேராகப் புகையை ஊதுகிறான். "என் மூச்சு என் இஷ்டம்" என்று நான்கு பேரும் கத்துகிறார்கள்.

பதினேழாவது செகண்டில், இருமலுக்கு நடுவே, "அந்தா ஒரு பொம்பளப் புள்ள உக்காந்திருக்கு. அதுக்கும் அடிக்குது. அதுக்காவது அணைங்கய்யா" என்று கையைக் காட்டுகிறாள். கேமரா திரும்புகிறது. ஒரு கணம்தான். திரைச்சீலைக்குக் கீழே என் நீலச் செருப்பு. திரைச்சீலை ஓரத்தில் எட்டிப் பார்க்கிற என் தலையில் மஞ்சள் துப்பட்டா. அம்மா தைத்தது. ஊரில் யார் பார்த்தாலும் தெரியும்.

ரீல் ஓட வேண்டும் என்பதற்காக வெட்டினேன் என்று பதினான்காம் தேதி எழுதியிருக்கிறேன். அது பொய். விசில் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று எழுதியிருப்பதும் பொய். எனக்கு இரண்டடி தூரத்தில் நின்றுதான் கேட்டாள். எல்லாம் கேட்டது.

யாரும் பார்க்காத டைரியில் எதற்குப் பொய் எழுதினேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

சாயங்காலம் ஐந்தரைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். மாடத்தியக்கா கடைசியாக வந்தாள். மூக்கில் கட்டிய துண்டு கழுத்துக்கு இறங்கியிருந்தது. விரல் நுனியெல்லாம் மருந்துக் கறை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"என்னட்டி, இம்புட்டுத் தூரம்? அந்தப் பய யாருன்னு தெரிஞ்சுதா?"

"நான்தான்க்கா."

புரியவில்லை போல. சிரித்துக்கொண்டே நின்றாள்.

"வீடியோவ நான்தான் போட்டேன். முன்னாடி நீங்க கேட்டதை வெட்டுனதும் நான்தான். பத்த வைக்கச் சொல்லி எழுதுனதும் நான்தான்."

"ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டேயா எடுத்த?"

"இல்லக்கா. எடுத்தது வேற ஒருத்தன். நான் வெட்டினேன். அதுல நான் தெரியுதேன்னு..."

கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. உள்ளேயிருந்து ஒரு அம்மா, "மாடத்தி, வாரியா இல்லியா?" என்று கத்தினாள். அக்கா துண்டை அவிழ்த்து உதறினாள். மடித்தாள். மறுபடி உதறினாள்.

நான் காலில் விழப் போனேன். ஒரு அடி பின்னால் போய்விட்டாள்.

"வேண்டாம்" என்றாள். பிறகு, வேன் படியில் கால் வைத்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னாள்: "அடுத்த தடவ என் பிளவுஸுக்கு நீ ஹூக்கு வைக்காத. ஒங்கம்மையத் தைக்கச் சொல்லு."

வேன் போய்விட்டது. ஏசியிருக்கலாம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அம்மா அப்பா இருவரிடமும் முழு வீடியோவைக் காட்டினேன். மஞ்சள் துப்பட்டா வந்ததும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா கை ஓங்கினார். அடிக்கவில்லை. "இன்னொரு தடவ போடு" என்றார். மூன்று தடவை பார்த்தார். கொல்லைப்புறம் போய் ஒரு பீடியை எடுத்தார், பற்ற வைக்காமலே ரொம்ப நேரம் விரலில் வைத்திருந்தார்.

ஜெபஸ்டினிடமும் சொன்னேன். "பொண்ணா? நீயா?" என்றான். அப்புறம், "இதைப் போட்டா பக்கமே காலி. பேசாம இரு" என்றான். இனி தங்கச்சி என்பான் என்று நினைத்தேன். அதுகூடச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

இதை எழுதி முடித்ததும் ஜூலை 28லிருந்து உள்ள பக்கங்களை ஒரு எழுத்தும் மாற்றாமல், பொய்களோடு சேர்த்து, 'செவ்வேள் சேனை'யில் போடப் போகிறேன். கூடவே முழு ஐம்பத்தோரு செகண்டும். மியூசிக் இல்லை, தலைப்பு இல்லை.

சேனைக்கு,

உங்கள் அட்மின் செண்பகராஜ் இல்லை, செண்பகவல்லி. ஆவரங்குளம் வடக்குத் தெரு. சிகரெட் குடிப்பது தப்பா, தடை சரியா என்று நாம் இன்னும் பத்து வருஷம் சண்டை போடலாம். எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஓடுகிறது. ஆனால் மாடத்தியக்கா தடை போட வரவில்லை. மூச்சு முட்டுகிறது என்று சொல்ல வந்தாள். அதைக் கேட்டிருந்தால் உங்களில் பாதிப் பேர் அணைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கேட்கக் கூடாது என்றுதான் வெட்டினேன்.

பழைய ரீலை நான் அழித்துவிட்டேன். உங்கள் போனில், குரூப்பில், ஸ்டேட்டஸில் இருப்பதை நீங்கள் அழியுங்கள். அந்த இருமல் பாட்டையும். அழித்த கையோடு இந்த முழு வீடியோவை அனுப்புங்கள், பழைய ரீலை யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கெல்லாம். யானைத் தலை ஒட்டியவர் யார் என்று எனக்குத் தெரியாது. இதைப் படித்தால் அவரும்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி நான் பிளாக் செய்த நண்பரே, தடையை எடுத்துவிட்டேன். திரும்பி வந்து ஏசுங்கள்.

நாளை ஞாயிறு, காலை பத்து மணிக்கு ராஜலட்சுமி வாசலில் நிற்பேன். மஞ்சள் துப்பட்டாதான் போட்டிருப்பேன். அக்காவைத் திரும்ப எடுக்கச் சொல்லி மேனேஜரைக் கேட்கப் போகிறேன். எடுத்தாலும் அவள் வருவாளா என்று தெரியாது. என் முகத்தில் முழிப்பாளா என்றும் தெரியாது. அப்பா வருகிறேன் என்றிருக்கிறார். வேறு யார் வருகிறீர்கள்? வருகிறவர்கள் கீழே பெயரை எழுதுங்கள். நான்கு பேர் என்றாலும் போதும். அன்றைக்கு முன்வரிசையில் இருந்த அந்த நான்கு பேராக இருந்தால் இன்னும் நல்லது.